பவர்பாயிண்ட் தொகுப்பு முழுவதிலும் பிழைதிருத்த மொழியை மேக்ரோவால் மாற்றுவது எப்படி?

பாளை விலங்கியல்

எங்கள் துறையில் தாமிரபரணிப் படுகையின் உயிரினங்களைப் பற்றிப் பலர் தனித்தனியாகத் தயாரித்த ஸ்லைடுகளை ஒரே தொகுப்பாகச் சேர்த்திருக்கிறோம். களக்காடு முண்டந்துறைப் பகுதி ஒருவருடையது, கூந்தன்குளம் பறவைகள் இன்னொருவருடையது, ஆற்று மீன்கள் வேறொருவருடையது. சிலர் தமிழிலும் சிலர் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் பழைய ஸ்லைடுகள் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. சேர்த்த பிறகு திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு நெளிகோடு. ஆங்கில ஸ்லைடுகள் அமெரிக்க ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருப்பதால், நாம் பள்ளியில் படித்த பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் உள்ள சொற்களெல்லாம் பிழையாகத் தெரிகின்றன. தமிழ்ச் சொற்களுக்கும் பல இடங்களில் கோடு விழுகிறது, சில இடங்களில் விழவில்லை.

அவுட்லைன் காட்சிக்குச் சென்று அனைத்தையும் தேர்ந்தெடுத்து, ரிவ்யூ பகுதியில் உள்ள லாங்குவேஜ் பொத்தான் வழியாக மொழியை மாற்றிப் பார்த்தேன். தலைப்புகளில் மாறியது, டேபிள்களிலும் தனியாக வரைந்த டெக்ஸ்ட் பாக்ஸ்களிலும் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து மாற்றுவது நடக்கிற காரியம் இல்லை. மொத்தமாக மாற்ற மேக்ரோ, அதாவது வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல், உண்டு என்று கேள்விப்பட்டேன். பயன்படுத்துவது விண்டோஸ் 10, பவர்பாயிண்ட் 2016. மேக்ரோ எழுதிப் பழக்கம் இல்லை என்பதால், தெரிந்தவர்கள் சற்று விரிவாகவே சொல்ல வேண்டுகிறேன்.

சந்திப்பு டிடிபி

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பவர்பாயிண்டில் மொழி என்பது கோப்புக்கு இருக்கிற பண்பு அன்று. ஒவ்வொரு எழுத்துத் துண்டுக்கும் தனித்தனியாக ஒட்டப்பட்டிருக்கிற குறி. ஒரே வரியில் நான்கு சொற்கள் இருந்தால் நான்குக்கும் நான்கு மொழி இருக்க முடியும். அவுட்லைன் காட்சியில் தலைப்பும் உடற்பகுதியும் மட்டுமே தெரியும் என்பதால், அங்கே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாலும் டெக்ஸ்ட் பாக்ஸ், டேபிள், படத்துக்கு மேல் எழுதிய குறிப்பு ஆகியவை கைக்கு வராது. நீங்கள் பார்த்தது அதுதான்.

மேக்ரோவின் சாரம் இரண்டே வரிதான். திறந்திருக்கும் தொகுப்பின் ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொரு ஷேப்பையும் (பெட்டி, படம், டேபிள் எதுவானாலும் ஷேப்தான்) எடுத்து, அதற்கு டெக்ஸ்ட்ஃபிரேம் இருக்கிறதா என்று ஹேஸ்டெக்ஸ்ட்ஃபிரேம் பண்பைக் கேட்டு, இருந்தால் அதன் டெக்ஸ்ட்ரேஞ்சின் லாங்குவேஜ்ஐடி பண்புக்கு வேண்டிய எண்ணைக் கொடுக்க வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு 1033, பிரிட்டிஷ் ஆங்கிலத்துக்கு 2057, இந்திய ஆங்கிலத்துக்கு 16393, தமிழுக்கு 1097. எந்தச் சரிபார்ப்பும் வேண்டாம் என்பதற்கு 1024.

எழுதும் இடத்துக்குச் செல்ல ஆல்ட் விசையுடன் எஃப்11 விசையை அழுத்தினால் ஆபீஸின் நிரல்மொழியான விபிஏவின் எடிட்டர் திறக்கும். இன்சர்ட் மெனுவில் மாட்யூல் எடுத்து அதில் எழுதி, எஃப்5 அழுத்தினால் ஓடும். எக்செல்லில் செய்வதுபோல் நாமே ஒருமுறை செய்து காட்டி மேக்ரோவைப் பதிவு செய்யும் வசதி பவர்பாயிண்டில் 2007 பதிப்போடு எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்தப் பொத்தானைத் தேட வேண்டாம். ஓட்டுவதற்கு முன் கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை விலங்கியல்

மிக்க நன்றி. 2057 கொடுத்து ஓட்டினேன். டெக்ஸ்ட் பாக்ஸ்கள் அனைத்தும் மாறிவிட்டன. ஆங்கில ஸ்லைடுகளில் பெரும்பாலும் சுத்தமாகிவிட்டது. மூன்று குறைகள் நிற்கின்றன. முதலாவது, பறவைப் பட்டியல் உள்ள டேபிள்கள் எதுவும் மாறவில்லை. இரண்டாவது, அணைகளைக் காட்டும் வரைபடத்தில் பெயர்களை அம்புக்குறிகளோடு சேர்த்து குரூப் செய்திருக்கிறார்கள், அவையும் மாறவில்லை. ஸ்லைடுக்குக் கீழே உள்ள நோட்ஸ் பகுதியும் அப்படியே. மூன்றாவதுதான் பெரிது. முன்பு சில தமிழ் ஸ்லைடுகளில் கோடு இல்லாமல் இருந்தது; இப்போது எல்லாத் தமிழ்ச் சொற்களும் பிரிட்டிஷ் ஆங்கிலம் ஆகிவிட்டதால் அவற்றிலும் கோடு வந்துவிட்டது.

வண்ணாரப்பேட்டை

இவ்வளவு சிரமம் எதற்கு? ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங் பகுதியில் எழுத்துப்பிழைகளை மறைக்கும் தேர்வு ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் கோடே தெரியாது. முழுத்திரையில் ஓட்டும்போது எப்படியும் கோடு தெரியப்போவதில்லை.

அம்பை மொழிபெயர்ப்பு

கோட்டை மறைப்பதும் மொழியைச் சரியாகக் குறிப்பதும் வேறு வேறு. மறைத்தால் ஆங்கிலத்தில் உள்ள உண்மையான பிழைகளும் சேர்ந்து மறைந்துவிடும். மேலும் இந்த மொழிக்குறியைப் பார்த்துத்தான் பல திரைவாசிப்பு மென்பொருள்கள் எந்தக் குரலில் வாசிப்பது என்று முடிவு செய்கின்றன. தமிழ் வரியை ஆங்கிலம் என்று குறித்துவிட்டு, பார்வையற்ற மாணவர்களுக்கு அதே கோப்பை அனுப்பினால் அவர்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆகவே கேட்டவர் கேட்டபடியே, குறியை மாற்றும் வழியைப் பேசுவோம்.

எழுத்து எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் இந்த வேலையில் முக்கால்வாசி. ஷேப் ஒன்றை வாங்கிக்கொண்டு மொழியை மாற்றும் ஒரு தனிச் செயல்முறையை எழுதிக்கொள்ளுங்கள். எல்லா இடங்களிலிருந்தும் அதையே அழைக்கலாம். அதற்குள் வரிசையாக இவற்றைக் கேட்க வேண்டும்.

முதலில், அது குரூப்பா என்று பார்க்க வேண்டும். ஷேப்பின் டைப் 6 என்றால் குரூப். அப்படியானால் அதன் குரூப்ஐட்டம்ஸ் தொகுதியில் உள்ள ஒவ்வொன்றையும் அதே செயல்முறைக்கு மீண்டும் அனுப்ப வேண்டும். அணைப் பெயர்கள் அப்போது பிடிபடும்.

அடுத்தது டேபிள். இங்கே பலர் டைப் 19 ஆக இருக்கிறதா என்று சோதிப்பார்கள்; தனியாக நுழைத்த டேபிளுக்கு அது சரிவரும். ஆனால் லேஅவுட்டில் உள்ள உள்ளடக்கப் பெட்டியைச் சொடுக்கி உருவாக்கிய டேபிளுக்கு டைப் 14, அதாவது பிளேஸ்ஹோல்டர் என்றே விடை வரும். சோதனை அதைத் தாண்டிப் போய்விடும். கல்லூரிகளில் தயாராகும் ஸ்லைடுகளில் பெரும்பாலான டேபிள்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆகவே டைப்பைப் பார்க்காமல் ஹேஸ்டேபிள் பண்பைக் கேளுங்கள். ஆம் என்றால் வரிசை ஒவ்வொன்றிலும் நெடுவரிசை ஒவ்வொன்றிலும் உள்ள செல்லை எடுத்து, அந்தச் செல்லின் ஷேப், அதன் டெக்ஸ்ட்ஃபிரேம், அதன் டெக்ஸ்ட்ரேஞ்ச் என்று இறங்க வேண்டும். டேபிளுக்கு மொத்தமாக மொழி கொடுக்கும் குறுக்குவழி கிடையாது.

ஸ்மார்ட்ஆர்ட் படங்களுக்கு ஹேஸ்ஸ்மார்ட்ஆர்ட் என்று கேட்டு, ஆல்நோட்ஸ் (AllNodes) தொகுதியில் உள்ள ஒவ்வொரு கணுவின் டெக்ஸ்ட்ஃபிரேம்2 வழியாக மாற்றலாம். உணவுச் சங்கிலிப் படம் ஏதாவது இருந்தால் அநேகமாக அது ஸ்மார்ட்ஆர்ட்டாகத்தான் இருக்கும்.

இவை அல்லாத சாதாரண ஷேப்புகளுக்கு நம் சந்திப்பு அண்ணாச்சி சொன்ன வரியே போதும்.

இப்படி ஸ்லைடுகளை முடித்த பிறகு, ஒவ்வொரு ஸ்லைடின் நோட்ஸ்பேஜில் உள்ள ஷேப்புகளையும் அதே செயல்முறைக்கு அனுப்ப வேண்டும். அதன்பின் டிசைன்ஸ் தொகுதிக்குச் சென்று, ஒவ்வொரு டிசைனின் ஸ்லைடுமாஸ்டரிலும் அதன் கஸ்டம்லேஅவுட்ஸ் ஒவ்வொன்றிலும் உள்ள ஷேப்புகளையும் அனுப்ப வேண்டும். பலரிடமிருந்து ஸ்லைடுகளை ஒட்டிச் சேர்த்த கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட டிசைன்கள் இருப்பது வழக்கம் என்பதால், முதல் மாஸ்டரை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தக் கூடாது. மறைத்து வைத்த ஸ்லைடுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்லைட்ஸ் தொகுதியில் அவையும் அடக்கம்.

தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும் சிக்கல் தனியாகப் பேச வேண்டியது. அதை முக்கூடல் நண்பர் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சந்திப்பு டிடிபி

நல்ல விளக்கம். இத்தனை சோதனைகளையும் எழுதச் சோம்பலாக இருந்தால், தொடக்கத்திலேயே ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் என்று ஒரு வரியைப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் முயன்று பார்க்கலாம். டெக்ஸ்ட் இல்லாத ஷேப் வந்தால் பிழையைத் தாண்டி அடுத்ததற்குப் போய்விடும். எங்கள் கடையில் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

அம்பை மொழிபெயர்ப்பு

அண்ணாச்சி, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வரி இருக்கும்போது, இஃப் நிபந்தனையைச் சோதிப்பதிலேயே பிழை வந்தால், விபிஏ அந்த நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொள்ளாது. அடுத்த வரிக்குப் போகும், அந்த அடுத்த வரி இஃப்புக்கு உள்ளே இருக்கிற வரி. ஆகவே எதைச் செய்யக் கூடாது என்று நிபந்தனை போட்டோமோ அதுவே நடக்கும். வெறும் மொழிக்குறியை மாற்றுகிற மேக்ரோவில் இதனால் பெரிய சேதம் இல்லை என்றாலும், எந்த ஷேப்பில் மாறவில்லை என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். பிழை வந்தால் ஸ்லைடு எண்ணையும் ஷேப்பின் பெயரையும் விபிஏ எடிட்டரின் இமீடியட் விண்டோவில் அச்சிடச் சொல்லி வைத்தால் அதுவே மீதி வேலைக்குப் பட்டியல் ஆகிவிடும்.

முக்கூடல்

கலப்பு மொழிக்கு வருகிறேன். தமிழ் யூனிகோட் எழுத்துகள் அனைத்தும் பதின்மக் கணக்கில் 2944 முதல் 3071 வரையுள்ள இடத்துக்குள் அடங்கும். விபிஏவில் உள்ள ஆஸ்க்டபிள்யூ சார்பில் ஓர் எழுத்தைக் கொடுத்தால் அதன் எண் வரும். எண் இந்த இடைவெளிக்குள் இருந்தால் தமிழ் என்று 1097 கொடுக்கலாம். ஆங்கில எழுத்தாக இருந்தால் 2057. கேள்வி, எந்த அளவில் வெட்டிச் சோதிப்பது என்பதுதான்.

டெக்ஸ்ட்ரேஞ்சுக்கு ரன்ஸ் என்று ஒரு பிரிவு உண்டு. அது எழுத்துரு, அளவு, தடிப்பு போன்றவை ஒன்றாக இருக்கும் தொடரைத் தருவது. ஒரே எழுத்துருவில் தமிழும் ஆங்கிலமும் கலந்த வரி முழுவதும் ஒரே ரன்னாக வந்துவிடலாம் என்பதால் மொழியைப் பிரிக்க அதை நம்ப முடியாது. வேர்ட்ஸ் பிரிவைப் பயன்படுத்திச் சொல் சொல்லாகப் பார்க்கலாமே என்று தோன்றும். நம் எழுத்தில் அதற்கும் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. ஆங்கிலப் பெயரை ஆங்கில எழுத்திலேயே எழுதிவிட்டு, அதோடு ஒட்டி இல், ஐ, உக்கு என்று தமிழ் வேற்றுமை உருபைச் சேர்ப்பது நம்மிடையே சர்வ சாதாரணம். அந்தச் சொல்லைத் தமிழ் என்பதா, ஆங்கிலம் என்பதா?

ஆகவே நான் எழுத்து எழுத்தாகவே நடக்கிறேன். ஒரு பத்தியின் முதல் எழுத்திலிருந்து தொடங்கி, அது தமிழா ஆங்கிலமா என்று குறித்துக்கொண்டு, வரிவடிவம் மாறும்வரை முன்னேறுவேன். மாறியதும், தொடங்கிய இடத்தையும் நீளத்தையும் கேரக்டர்ஸ் பண்புக்குக் கொடுத்து அந்தத் துண்டுக்கு மட்டும் மொழியை இட்டுவிட்டு, மாறிய இடத்திலிருந்து அடுத்த துண்டைத் தொடங்குவேன். இடைவெளி, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றுக்குத் தனி மொழி இல்லை என்பதால் அவை முன்னால் உள்ள துண்டோடு சேர்ந்துகொள்ளும். ஆங்கிலப் பெயர் ஆங்கிலமாகவும் அதன் வால் தமிழாகவும் குறிக்கப்படும்.

இது மெதுவாக ஓடும். வேகத்துக்கு ஒரு வழி, பத்தியை முதலில் ஒரு பார்வை பார்த்து, முழுவதும் ஒரே வரிவடிவம் என்றால் பத்திக்கு மொத்தமாக ஒரே முறை மொழியைக் கொடுத்துவிட்டு நகர்வது. கலப்புப் பத்திகளில் மட்டும் எழுத்து எழுத்தாக இறங்கினால் போதும்.

இன்னொன்று. விபிஏ எடிட்டருக்கு யூனிகோட் தெரியாது. தமிழுக்குப் பழைய விண்டோஸ் குறிப்பக்கமும் இல்லாததால், நிரலுக்குள் தமிழில் எதை ஒட்டினாலும் கேள்விக்குறிகளாகத்தான் விழும். குறிப்பிட்ட தமிழ் எழுத்தைத் தேட வேண்டுமென்றால் சிஎச்ஆர்டபிள்யூ சார்பில் எண்ணைக் கொடுக்க வேண்டும், அகரத்துக்கு 2949. வேலை முடிந்தது என்று தமிழில் செய்திப்பெட்டி காட்டும் ஆசையையும் விட்டுவிடுங்கள், அதுவும் கேள்விக்குறிதான்.

பாளை விலங்கியல்

இருவருக்கும் மிக்க நன்றி. ஓய்வு பெற்ற ஆசிரியரின் பாமினி ஸ்லைடுகள் மட்டும் பிடிவாதமாக இருக்கின்றன. திரையில் தமிழாகத் தெரிகிறது, ஆனால் மேக்ரோ அதை ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்கிறது.

சந்திப்பு டிடிபி

அதில் வியப்பு இல்லை. பாமினியில் சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு மட்டும் அவற்றுக்குத் தமிழ் உருவம் மாட்டி விடுகிறது. அம்மா என்று நீங்கள் பார்ப்பது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எந்த ஆங்கில அகராதியிலும் அது இருக்கப்போவதில்லை. முக்கூடல் சொன்ன எண் சோதனையும் இங்கே தோற்கும், ஏனென்றால் அந்த இடைவெளிக்குள் ஓர் எழுத்துகூட இல்லை.

இவற்றை எழுத்துருவின் பெயரை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். இங்கே ரன்ஸ் பிரிவு உதவும், ஏனென்றால் எழுத்துரு மாறும் இடத்தில் ரன் கட்டாயம் மாறும். ஒவ்வொரு ரன்னிலும் ஃபாண்ட் பெயரைப் பார்த்து, பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய குடும்பங்களில் ஒன்றாக இருந்தால் 1024 கொடுத்துவிடுங்கள். இந்தச் சோதனை எழுத்துச் சோதனைக்கு முன்னால் வர வேண்டும்.

பழைய எழுத்துருவில் இன்னும் தட்டச்சு செய்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் பவர்பாயிண்டில் இயல்பாகவே இயங்கும். பாமினியில் சிறிய எம் என்றால் அ, பெரிய எம் என்றால் ஆ. அதனால் வரியின் தொடக்கத்தில் அம்மா என்று அடித்தால் ஆம்மா என்று ஆகிவிடும். அச்சடித்த அழைப்பிதழில் இது வந்து வாடிக்கையாளர் சண்டைக்கு வந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆட்டோகரெக்ட் பட்டியலில் அந்தத் தேர்வை எடுத்துவிட்டுத்தான் பாமினியில் கை வைக்க வேண்டும்.

அம்பை மொழிபெயர்ப்பு

1024 என்பது கோட்டை நீக்கும், ஆனால் அந்த ஸ்லைடுகளைத் தேடவோ வாசிக்கச் செய்யவோ முடியாது. பொறுமை இருந்தால் அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் படித்துப் பார்க்க வேண்டும், குறிப்பாக ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் இடங்களில்.

சந்திப்பு டிடிபி

ஆசிரியரின் ஸ்லைடுகளுக்கு அது சரி. பேனருக்கும் தலைப்புக்கும் அலங்கார எழுத்துரு வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு யூனிகோடில் அத்தனை வகை இன்னும் இல்லை, தங்கச்சி. அவற்றுக்கு 1024தான்.

பாளை விலங்கியல்

பழைய ஸ்லைடுகளுக்கு இப்போதைக்கு 1024 கொடுத்துவிட்டேன். யூனிகோடாக்கும் பணியை மாணவர்களிடம் பிரித்துக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பறவை டேபிளில் மட்டும் கொஞ்சம் கோடு மிச்சம் இருக்கிறது. முதல் நெடுவரிசையில் தமிழ்ப் பெயர், இரண்டாவதில் ஆங்கிலப் பெயர், மூன்றாவதில் அறிவியல் பெயர். கூழைக்கடாவுக்கு நேரே பெலிகானஸ் பிலிப்பென்சிஸ், மஞ்சள்மூக்கு நாரைக்கு நேரே மிக்டீரியா லூக்கோசெபாலா என்று ரோமன் எழுத்தில் இருப்பதால், அவற்றை மேக்ரோ ஆங்கிலம் என்று குறித்துவிடுகிறது. மூன்றாவது நெடுவரிசைக்கு மட்டும் தனி நிபந்தனை எழுதினால் டேபிளில் சரியாகிவிடும். ஆனால் இதே பெயர்கள் மற்ற ஸ்லைடுகளில் வாக்கியங்களின் நடுவிலும் வருகின்றன.

முக்கூடல்

அறிவியல் பெயர்களை உங்கள் துறையில் சாய்வெழுத்தில்தானே எழுதுவீர்கள்? அந்த மரபே இங்கே கைகொடுக்கும். ரன் ஒவ்வொன்றிலும் பழைய எழுத்துருச் சோதனையைச் செய்யும் அதே இடத்தில், ஃபாண்டின் இட்டாலிக் பண்பையும் கேளுங்கள். சாய்வாகவும் இருந்து, தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாமலும் இருந்தால் 1024. சாய்வெழுத்தில் ஆங்கில மேற்கோள் எதையாவது யாராவது எழுதியிருந்தால் அதுவும் சரிபார்ப்பிலிருந்து தப்பிவிடும். ரன் நான்கு சொற்களுக்கு மேல் நீண்டால் விட்டுவிடு என்று ஒரு வரம்பு வைத்தால் பெரும்பாலும் அது நடக்காது.

வள்ளியூர் லினக்ஸ்

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோருக்காக ஒரு குறிப்பு. அங்கே ஒவ்வொரு எழுத்துத் தொடரும் மேற்கத்திய வரிவடிவத்துக்கு ஒரு மொழி, ஆசிய வரிவடிவத்துக்கு ஒன்று, சிக்கலான வரிவடிவத்துக்கு ஒன்று என்று மூன்று மொழிகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கும். தமிழ் மூன்றாவது வகை. ஆகவே மேற்கத்திய மொழி பிரிட்டிஷ் ஆங்கிலம், சிக்கலான வரிவடிவ மொழி தமிழ் என்று இரண்டையும் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிட்டால், எது எந்த எழுத்து என்று அதுவே பார்த்துக்கொள்ளும். எழுத்து எழுத்தாக நடக்கும் வேலை மிச்சம். மேக்ரோவில் முதலாவதற்கு கேர்லோகேல், தமிழுக்கு கேர்லோகேல்காம்ப்ளெக்ஸ். பவர்பாயிண்ட் கோப்பில் துண்டுக்கு ஒரு மொழிக்குறிதான் என்பதால், அந்த வடிவத்தில் சேமித்தால் மீண்டும் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லிடை

எங்கள் அலுவலகத்தில் மேக்ரோக்களையே ஓட்ட விடுவதில்லை. இணையத்திலிருந்து இறங்கிய கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை 2022 முதல் ஆபீஸ் தானாகவே தடுக்கிறது. அதற்கும் மேலே எங்கள் கணினிப் பிரிவின் தடை. மேக்ரோ இல்லாமல் செய்ய வழி உண்டா?

முக்கூடல்

உண்டு. பிபிடிஎக்ஸ் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் பொதி. நகல் ஒன்றின் பெயரில் கடைசிப் பகுதியை ஜிப் என்று மாற்றிப் பிரித்தால், பிபிடி என்ற கோப்புறைக்குள் ஸ்லைடுகள், நோட்ஸ், லேஅவுட்டுகள், மாஸ்டர்கள், சார்ட்டுகள், டயகிராம்கள் என்று தனித்தனிக் கோப்புறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் உள்ள எக்ஸ்எம்எல் கோப்பில் லாங் என்ற பண்பில் மொழி எழுதப்பட்டிருக்கும். பல கோப்புகளில் ஒரே நேரத்தில் தேடி மாற்றும் வசதியுள்ள எடிட்டரில் திறந்து, அமெரிக்க ஆங்கிலக் குறியைப் பிரிட்டிஷ் ஆங்கிலக் குறியாக மாற்றலாம். தேடும்போது லாங் என்ற பண்பின் பெயர், சமக்குறி, மேற்கோள்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தேடுங்கள். மொழிக்குறியை மட்டும் தேடினால் உள்ளடக்கத்தில் உள்ள எழுத்துகளும் மாட்டிக்கொள்ளலாம்.

மீண்டும் பொதியாக்கும்போது, பிரித்த கோப்புறையை வெளியிலிருந்து ஜிப் செய்யக் கூடாது. அதற்குள் சென்று எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஜிப் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கோப்பு கெட்டுவிட்டது, சரிசெய்யவா என்று பவர்பாயிண்ட் கேட்கும்.

மேக்ரோ எளிதில் எட்டாத சார்ட் எழுத்துகளையும் இந்த வழி தொடும் என்பது இதன் ஆதாயம். தமிழையும் ஆங்கிலத்தையும் பிரித்துக் குறிக்க இது ஏற்றதன்று. அமெரிக்க ஆங்கிலத்தைப் பிரிட்டிஷ் ஆக்குவது போன்ற ஒற்றை மாற்றத்துக்கே சரி.

கல்லிடை

நன்றி. எங்களுடையது முழுக்க ஆங்கிலத் தொகுப்பு என்பதால் இதுவே போதும்.

மேலப்பாளையம்

இத்தனை பாடுபட்டு மாற்றிய பிறகு, யாராவது புதிதாக ஒரு வரி சேர்த்தால் மீண்டும் கோடு வருமே?

அம்பை மொழிபெயர்ப்பு

வரும். புதிதாகத் தட்டச்சு செய்யும் எழுத்துக்கு என்ன மொழி என்பதைப் பவர்பாயிண்ட் அந்த நேரத்தில் விண்டோஸில் தேர்ந்தெடுத்திருக்கும் விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகையில், அதாவது தமிழ்99 போன்றவற்றில், அடித்தால் தமிழ் என்றே குறிக்கப்படும். இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவற்றை ஆங்கில விசைப்பலகையின் மேல் ஓடவிட்டு அடிக்கும்போது, திரையில் விழுவது தமிழ் என்றாலும் விண்டோஸைப் பொறுத்தவரை விசைப்பலகை ஆங்கிலமாகவே இருக்கிறது. அதனால் குறியும் ஆங்கிலம். பாளை ஐயாவின் தொகுப்பில் சில தமிழ் ஸ்லைடுகளில் கோடு இருந்து சிலவற்றில் இல்லாமல் போனதற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும். அந்தத் துறையில் யாரோ ஒருவர் தமிழ்99 பழகியிருக்கிறார்.

டீஃபால்ட்லாங்குவேஜ்ஐடி என்று தொகுப்புக்கு ஒரு பண்பு இருக்கிறது. அதையும் மேக்ரோவின் முடிவில் 2057 ஆக்கிவிடுவது நல்லதுதான். ஆனால் விசைப்பலகையின் பேச்சு அதற்கு மேல் எடுபடும். ஆங்கிலத்துக்கு விண்டோஸில் அமெரிக்க விசைப்பலகையை நீக்கிவிட்டு இந்திய ஆங்கிலத்தையோ பிரிட்டிஷ் ஆங்கிலத்தையோ வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். பிரிட்டிஷ் விசைப்பலகையில் மேற்கோள்குறியும் அட் குறியும் இடம் மாறியிருக்கும் என்பதால் நான் இந்திய ஆங்கிலத்தையே சொல்வேன்.

பாளை விலங்கியல்

தமிழ்99 பழகியவர் யார் என்று கண்டுபிடித்துவிட்டோம். ஆற்று மீன்கள் அவருடையவை.

தொகுப்பு இப்போது ஏறத்தாழ சுத்தமாகிவிட்டது. மொழிகளைப் பட்டியலிடும் சிறு மேக்ரோ ஒன்றை ஓட்டி, ஒவ்வொரு ஷேப்பின் லாங்குவேஜ்ஐடியையும் இமீடியட் விண்டோவில் அச்சிட்டுப் பார்த்தேன். கலப்புப் பத்திகள் உள்ள இடங்களில் மட்டும் கழித்தல் 2 என்று வருகிறது. இது பிழையா?

தமிழில் இன்னும் ஒரு சங்கடம். ஒரு கணினியில் தமிழ்ப் பிழைதிருத்தத் தொகுப்பை நிறுவியிருக்கிறோம். அங்கே திறந்தால் மாஞ்சோலை, காரையாறு போன்ற ஊர்ப்பெயர்களுக்கும், புணர்ந்து நீண்ட சொற்களுக்கும் கோடு வருகிறது. தமிழுக்கும் 1024 கொடுத்துவிடலாமா?

முக்கூடல்

கழித்தல் 2 என்றால் கலப்பு என்று பொருள். ஒரே டெக்ஸ்ட்ரேஞ்சுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் இருக்கின்றன என்பதற்கான விடை. உங்கள் தொகுப்பில் அது வரவேண்டிய இடத்தில்தான் வந்திருக்கிறது. முழுவதும் தமிழாக உள்ள பெட்டியில் வந்தால் மட்டும் உள்ளே போய்ப் பாருங்கள், ஒரு சொல் விடுபட்டிருக்கும்.

அம்பை மொழிபெயர்ப்பு

தமிழுக்கு 1024 வேண்டாம். ஊர்ப்பெயர்களை வலச்சொடுக்கி அகராதியில் சேர்த்துக்கொள்ளலாம். புணர்ச்சிச் சொற்களுக்கு வரும் கோட்டை அந்தக் கணினியில் பொறுத்துக்கொள்வதே மேல். மேடையில் அது தெரியப்போவதும் இல்லை. தமிழ் வரி தமிழ் என்று குறிக்கப்பட்டிருக்கட்டும்.

பாளை விலங்கியல்

அப்படியே விட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று. இந்த மேக்ரோவை மற்ற துறைகளும் கேட்கிறார்கள். ஒவ்வொரு கோப்பிலும் ஒட்ட வேண்டுமா, ஆட்-இன் ஆக மாற்றிக் கொடுக்கலாமா?

சந்திப்பு டிடிபி

ஆட்-இன் ஆக்கினால் ஆல்ட் விசையுடன் எஃப்8 அழுத்தும்போது வரும் பட்டியலில் அந்த மேக்ரோ தெரியாது. ரிப்பனில் பொத்தான் வைத்துக் கொடுக்க வேண்டிவரும். அதைவிட எளிது, மேக்ரோவை மட்டும் வைத்து வெற்று ஸ்லைடு ஒன்றோடு பிபிடிஎம் கோப்பாகச் சேமித்துக் கொடுப்பது. மாற்ற வேண்டிய தொகுப்பையும் இதையும் திறந்து வைத்துக்கொண்டு, தொகுப்பின் ஜன்னலில் நின்றபடி ஆல்ட், எஃப்8 அழுத்தி, கீழே உள்ள பெட்டியில் திறந்திருக்கும் எல்லாத் தொகுப்புகளும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மேக்ரோவின் பெயர் வரும். ஓட்டினால் ஆக்டிவ்பிரசன்டேஷன் என்பது உங்கள் தொகுப்பையே குறிக்கும், பிபிடிஎம் கோப்பைத் தொடாது. மின்னஞ்சலில் அனுப்பினால் பெறுகிறவர் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸ் பக்கத்தில் அன்பிளாக் என்ற கட்டத்தை ஒருமுறை குறியிட வேண்டும். பென்டிரைவில் கொடுத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை.